ஊட்டாத சோறு

மூன்று வருஷமாகக் கேட்டும் கொடுக்காத துரும்பை வீரமுத்து தானாகவே கொடுக்கிறேன் என்று சொல்லியனுப்பியபோது, செல்லத்துக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. சேதி கொண்டுவந்த மணியத்துக்கு அவித்த மரவள்ளிக்கிழங்கில் ஒரு துண்டைக் கொடுத்து, "நெசமாத்தான் சொன்னாரா?" என்று இரண்டு தரம் கேட்டாள்.

பகாவ் டவுனுக்குப் போகிற ரோட்டில் எட்டாங்கட்டை ரப்பர் தோட்டத்துச் சனங்களுக்குள் புருஷன் பெண்டாட்டி பிரிவது பெரிய காரியமில்லை. மாரியம்மன் கோயில் வாசலில் பஞ்சாயத்துக் கூடும். புருஷன் ஒரு வைக்கோல் துரும்பை இரண்டாகக் கிள்ளி அவள் முந்தானையில் போடுவான். அவள் தாலியைக் கழற்றி வெற்றிலைத் தட்டில் வைப்பாள். சிரம்பான் கோர்ட்டில் வக்கீல் வைத்து வருஷக்கணக்கில் இழுக்கிற வழக்கை ஒரு துரும்பு அரை மணியில் முடித்துவிடும். ஆனால் துரும்பைக் கிள்ள வேண்டியவன் ஆண்பிள்ளை. அவனுக்கு மனசில்லை என்றால் பொம்பளை அந்தரத்தில் தொங்க வேண்டியதுதான்.

செல்லம் அப்படித்தான் தொங்கினாள். மகள் பஞ்சாலை தத்தித் தத்தி நடக்கிற வயசில், வீரமுத்து மேட்டு லயத்து வரிசை வீட்டிலிருந்து இறங்கிப் பள்ளத்து லயத்தில் மயிலம்மாள் வீட்டுக்குப் போய்விட்டான். அரை மைல்கூட இல்லை. காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக்களத்தில் தினமும் பார்க்கத்தான் செய்தாள். அவளைக் கண்டதும் அவனுக்கு ரப்பர் மரங்களின் மேல் திடீரென்று ஒரு அக்கறை வந்துவிடும், அண்ணாந்து கிளைகளை எண்ணிக்கொண்டு நிற்பான். பிள்ளைக்கு ஒரு டின் பால் வாங்கிக் கொடுத்ததில்லை. காய்ச்சலாகக் கிடந்தபோது எட்டிப் பார்த்ததில்லை. "அத்து வுட்டுருய்யா, ஒனக்குப் புண்ணியமாப் போவும்" என்று அவளும் ஆள்மேல் ஆள் விட்டுக் கேட்டுப் பார்த்தாள். "இருக்கட்டும், என்ன அவசரம்" என்பான். அவனுக்கு என்ன அவசரம்!

கிழங்கைத் தின்று முடித்த மணியம் வாயைத் துடைத்துக்கொண்டு மிச்சத்தையும் சொன்னார்.

"புள்ளையையும் அழைச்சிக்கிறாராம்லா. ஞாயித்துக்கெழம மத்தியானம் பஞ்சாயத்து."

செல்லத்தின் சந்தோஷம் அதோடு போயிற்று. அந்த லயங்களில் அதுவும் வழக்கம்தான். துரும்பு வாங்குகிறவள் தன்னந்தனியாகத்தான் போக வேண்டும், பிள்ளை தகப்பன் வீட்டுக்குச் சொந்தம். மூன்று வருஷம் துரும்பு கேட்டு நச்சரித்தபோது அவளுக்கு இது தெரியாமலில்லை. வீரமுத்துவாவது பிள்ளையைக் கேட்பதாவது என்று தைரியமாக இருந்துவிட்டாள்.

மறுநாள் வேலை விட்டதும் நேரே ஆபீசுக்குப் போனாள். ஜப்பான்காரன் சைக்கிளில் வந்து இறங்கிய மாசத்திலேயே வெள்ளைக்காரத் துரை காரில் ஏறிப் போய்விட்டான். அதிலிருந்து ஆபீசும் தோட்டமும் கணக்கு எழுதுகிற கிராணி அமிர்தலிங்கத்தின் கையில். யாழ்ப்பாணத்துக்காரர், மூக்குக்கண்ணாடிக்கு ஒரு பக்கம் கம்பி போய் நூலால் கட்டியிருந்தார். கோபக்காரர் என்று பேர், ஆனால் யாரும் அழுதால் அவருக்குத் தாங்காது. அதனால் அழுகிறவர்களைக் கண்டால் முதலிலேயே கோபப்பட்டுவிடுவார்.

"அழாமல் சொல்லு" என்றார். சொன்னாள்.

"இஞ்ச பார் பிள்ளை. முந்தியெண்டால் சிரம்பானுக்கு மனு எழுதிப் போடலாம். பிள்ளைச் செலவுக்கு மாசாமாசம் குடு எண்டு தீர்ப்புக்கூட வாங்கலாம். இப்ப கட்டடம் அங்கதான் இருக்குது, உள்ள இருக்கிற ஆள் வேற. நீ போய்த் தமிழில அழ, அவன் ஜப்பானில சிரிப்பான்."

"அப்ப எதுதான் ஐயா சட்டம்?"

அவர் மேசைமேல் கிடந்த ஒரு தாளைத் தட்டினார். "இதுதான்."

சயாமில் ரயில்ரோடு போட எட்டாங்கட்டையிலிருந்து முப்பது ஆம்பளைகள் வேண்டுமாம். முதல் லாரியில் போன பன்னிரண்டு பேரில் ஒருத்தரிடமிருந்தும் கடுதாசி இல்லை. எந்த முப்பது பேர் என்று ஜப்பான்காரன் சொல்லவில்லை. அரிசிக் கார்டில் பிள்ளை பேர் உள்ள வீட்டை விட்டுவிடலாம் என்று யோசனை சொன்னது அமிர்தலிங்கம்தான். வீரமுத்துவின் கார்டில் இருந்தது இரண்டே பேர்: அவன், மயிலம்மாள்.

"நல்லது செய்யிறன் எண்டுதான் நினைச்சன்" என்றார் கிராணி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது இப்பிடி உன்ர தலையில வந்து விடியுமெண்டு ஆருக்குத் தெரியும்."

செல்லம் வெளியே வந்தாள். பாசமாவது ஒன்றாவது, சயாமுக்குப் பயந்து பிள்ளையின் பாவாடைக்குப் பின்னால் ஒளிய வருகிறான் மனுஷன் என்று புரிந்தபோது சிரிப்புக்கூட வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுகையும் வந்துவிட்டது. பஞ்சாலைக்கு இருட்டென்றால் பயம். கிழங்கைத் தோல் இல்லாமல் பிட்டுக் கொடுத்தால்தான் தின்பாள். இதையெல்லாம் யார் போய் அங்கே சொல்வது?

வெள்ளிக்கிழமை காலை அவள் கிழங்குக் காட்டில் தனியாக நின்றாள். ரப்பர் மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டு மரவள்ளி போட்டிருந்த இடம். நெட்டையாக, சாக்கைக் கிழித்துத் தைத்த ரவிக்கையோடு ஒருத்தி வரப்பில் வந்து நின்றாள். மயிலம்மாள்.

மூன்று வருஷமாகச் செல்லம் அவளுக்கென்று நல்ல நல்ல வசவுகளாகச் சேர்த்து வைத்திருந்தாள். சமைக்கும்போது ஒன்று, தூக்கம் வராதபோது ஒன்று என்று சேர்த்தவை. இன்றைக்கு அவிழ்த்துவிட வேண்டியதுதான் என்று மண்வெட்டியைக் கீழே போட்டாள்.

"சண்டைக்கு வரலக்கா" என்றாள் மயிலம்மாள்.

"பின்ன? கெழங்கு நோண்டவா வந்த?"

"ஒரு வார்த்த சொல்லிட்டுப் போறேன். அவரு புள்ளையக் கூட்டியாந்தா நான் நல்லாத்தான் பாத்துக்குவேன். அதான் எனக்குப் பயமா இருக்கு."

"நல்லாப் பாத்துக்கிறதுக்கு என்னடி பயம்?"

மயிலம்மாள் நின்ற இடத்திலேயே குந்தினாள். ஒரு கிழங்கை மண்ணோடு பிடுங்கி, பேச்சுக்குத் துணையாக அதைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"சயாம் கணக்கெல்லாம் முடிஞ்ச பொறகு திருப்பிக் குடுத்துரலாம்னு அவரு சொல்றாரு. அவரு குடுத்துருவாரு. என்னால முடியாதுக்கா. எனக்கு ரெண்டு வயித்துல தங்கி, ரெண்டும் நிக்கல. தண்ணிக் கொழாய்க்கிட்ட ஒம்மவளப் பாப்பேன். பாத்துட்டு வீட்டுக்குப் போயி சும்மா ஒக்காந்திருப்பேன். பஞ்சாயத்துல அவளுக்கு ஒரு வாயி ஊட்டிட்டேன்னு வையி, அப்பறம் யாரு கேட்டாலும் நான் குடுக்கமாட்டேன். என்னைய எனக்குத் தெரியும்."

ஊட்டுவது என்று அவள் சொன்னதும் வழக்கம்தான். தகப்பன் வீட்டுக்குப் பிள்ளை போவதென்றால், அந்த வீட்டில் இருக்கிறவள் சபை பார்க்க அதற்கு ஒரு வாய் சோறு ஊட்ட வேண்டும். ஊட்டினால் அன்றிலிருந்து அவள்தான் தாய், பெற்றவள் பேச்செடுக்கக் கூடாது. மாற்றாந்தாய் மூன்று தரம் கேட்டும் ஊட்ட மறுத்தால், பிள்ளை போகாது. மறுத்தவள் யாரும் அந்தத் தோட்டத்தில் இருந்ததில்லை. மறுத்துவிட்டு அப்புறம் எந்த முகத்தோடு தண்ணிக் குழாய்க்கு வருவது?

சேர்த்து வைத்த வசவுகளில் ஒன்றுகூட இந்தப் பெண்ணுக்குப் பொருந்தவில்லை என்பது செல்லத்துக்கு எரிச்சலாக இருந்தது.

"அப்ப ஊட்டாத" என்றாள்.

"ஊட்டலன்னா அவரு சயாமுக்குப் போயிருவாரே."

செல்லம் குனிந்தாள். மண்வெட்டியை எடுத்து வெட்டத் தொடங்கினாள். மயிலம்மாள் அவள் வெட்டிய வரிசையில் கிழங்குகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டுவிட்டு எழுந்து போனாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் இரண்டு லயமும் திரண்டுவிட்டது. செல்லத்தின் மேலிருந்த அக்கறை பாதி என்றால், வெள்ளைச் சோற்றைக் கண்ணால் பார்க்கலாம் என்ற ஆசை பாதி. ஊட்டுகிற சடங்குக்காக மண்டோர் ஆறுமுகம் தன் வீட்டு அரிசியில் ஒரு பிடி வடித்து இலையில் கொண்டுவந்து வைத்திருந்தார். வேலை வாங்குகிற மண்டோர்தான் பஞ்சாயத்துக்கும் தலை. கிராணி ஒரு நாற்காலி போட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார், கையில் அந்தத் தாள்.

பஞ்சாலையைச் செல்லம் தன் பழைய சீலையில் தைத்த பாவாடையோடு உட்கார வைத்திருந்தாள். குழந்தைக்கு அப்பன் ஞாபகமும் இல்லை, வழக்கும் தெரியாது. அது பார்த்துக்கொண்டிருந்ததெல்லாம் இலையை.

ஆறுமுகம் வழக்கத்தைச் சொன்னார். வீரமுத்து தலையைக் குனிந்துகொண்டு, "புள்ள எனக்கு வேணும்" என்றான். செல்லத்தை அவர் கேட்டபோது, "நான் பெத்தேன், நான் வளத்தேன். காச்சல்ல கெடந்தப்ப நான் முழிச்சேன். அந்தாளு ஒரு நாளு வந்து மொகம் காட்டுனாரான்னு கேளுங்க மாமா" என்றாள். பெண்கள் 'ச்சூ' கொட்டினார்கள். ஆறுமுகம் கையை விரித்தார்.

"எனக்கும் தெரியும் தாயி. ஆனா வழக்கம்னு ஒண்ணு இருக்கே. மயிலு, வாம்மா."

மயிலம்மாள் வந்து இலை முன்னால் மண்டி போட்டாள். சோற்றை உருட்டினாள். பஞ்சாலை கேட்காமலே வாயை அகலத் திறந்தது. சோறு கண்டு எத்தனை நாளாயிற்று! கடைவாய்ப் பல் வரைக்கும் தெரிந்தது.

மயிலம்மாளின் கை பாதி தூரம் போய் நின்றது. குழந்தை வாயை மூடவில்லை. செல்லம் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். திறந்தபோது உருண்டை திரும்ப இலையில் இருந்தது. பஞ்சாலை வீறிட்டு அழுதது.

"என்னம்மா?" என்றார் ஆறுமுகம்.

"எனக்கு வேணாம்."

"புள்ளைய ஏத்துக்கிறியா?"

"ஏத்துக்கல."

மூன்றாம் தரமும் கேட்டார். "ஏத்துக்கல" என்றாள், இந்தத் தரம் சத்தமாக.

அதற்கப்புறம் அவளுக்கு விழுந்த பேச்சை இங்கே எழுதினால் தாள் கருகிவிடும். பசித்த பிள்ளை வாயில் வைக்கப்போன சோற்றைத் திரும்ப எடுத்தவள், கல்நெஞ்சக்காரி, இதனால்தான் சாமி இவள் வயிற்றைத் திறக்கவில்லை என்றெல்லாம் பெண்களே சொன்னார்கள். மேட்டு லயத்து முருகையாவின் பெண்டாட்டி எழுந்து வந்து காறித் துப்பிவிட்டுப் போனாள். மயிலம்மாள் மண்டி போட்ட இடத்திலேயே இருந்தாள். ஏன் இப்படிச் செய்தாள் என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்தவள் செல்லம் ஒருத்திதான்.

வீரமுத்து தொப்பென்று உட்கார்ந்துவிட்டான். "என்னய சயாமுக்கு அனுப்பிட்டியேடி" என்று தலையில் கை வைத்துக்கொண்டு அழுதான். அப்போதுதான் சபைக்கு விஷயம் விளங்கியது. ஆண்பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த முப்பதில் அவர்களிலும் சிலர் இருக்கிறார்கள்.

ஆறுமுகம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். பிள்ளை தாயிடம் இருக்கும். தகப்பன் பால்கூலியாக, பிள்ளைக்கு வயசு வருகிறவரை தன்னால் ஆனதைச் செய்ய வேண்டும். துரும்பு உண்டு. வீரமுத்து துரும்பைக் கிள்ளினான். செல்லம் கழுத்திலிருந்த கயிற்றைக் கழற்றித் தட்டில் வைத்தாள். அதில் தொங்கியது ஒரு மஞ்சள் துண்டுதான், தங்கப் பொட்டு போன வருஷமே பகாவில் உப்புக்கும் அரிசிக்கும் போய்விட்டது. அதைப் பற்றிக் கேட்க வீரமுத்துவுக்கு வாய் இல்லை.

மூன்று வருஷமாக அவள் ஆசைப்பட்டது எல்லாம் அரை மணியில் கைக்கு வந்துவிட்டது. பிள்ளையும் இருக்கிறது, விடுதலையும் ஆயிற்று. பஞ்சாலையை அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான் பாக்கி. அவள் போகவில்லை. மயிலம்மாளைச் சுற்றி யாரும் இல்லை. பெண்கள் தள்ளிப் போய் உட்கார்ந்துவிட்டார்கள். பிள்ளையும் வேண்டாம், புருஷனும் போனான், பேரும் போயிற்று என்று அந்த நெட்டைக்காரி ஒற்றையாக இருந்தாள். அவள் விட்டுக் கொடுத்த அத்தனையும் செல்லத்தின் இடுப்பில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது. யாருக்காவது நன்றிக்கடன் பட்டால் நெஞ்சு இப்படி வலிக்கும் என்று செல்லத்துக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"கிராணி ஐயா" என்றாள். "புள்ள பேர அந்தாளு கார்டுல எழுதிக்குங்க."

தள்ளி உட்கார்ந்திருந்த பெண்கள் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள்.

"என்ன விளையாட்டு இது?" என்றார் அமிர்தலிங்கம். "பேர் ஒரு வீட்டில, பிள்ளை ஒரு வீட்டிலயோ?"

"ஆமாங்கய்யா. பேரு அங்க இருக்கட்டும், புள்ள என்கிட்ட இருக்கட்டும்."

அவர் எழுந்து பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"விளங்கித்தான் கதைக்கிறியோ? கார்டில பேர் போனால், கடுதாசிப்படி பிள்ளை அவன்ர. நாளைக்கு அவன் தூக்கிக்கொண்டு போனால் என்னால ஒண்டும் செய்யேலாது. ஆக்களை எண்ணுறதுக்கு ஜப்பான்காரன் வாற நாளில பிள்ளை பள்ளத்து லயத்திலதான் நிக்கவும் வேணும். பொம்பிளை ஆளும் வேணுமெண்டு அவன் கேட்டானெண்டால், பிள்ளை இல்லாத கார்டில முதல் பேர் உன்ரதான்."

"வெளங்குதுங்கய்யா. எழுதுங்க."

வீரமுத்து நிமிர்ந்து பார்த்தான். என்னவோ சொல்ல வாயெடுத்தான். "ஒனக்காக இல்ல, நீ சும்மா இரு" என்றாள் செல்லம். பிறகு இலையில் கிடந்த உருண்டையை எடுத்துப் பிள்ளை வாயில் வைத்தாள். அழுகை அந்த நிமிஷமே நின்றது. கிராணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எல்லாரையும் ஒரு தரம் காரணமில்லாமல் அதட்டிவிட்டு, எழுதினார்.

அதிலிருந்து பஞ்சாலையின் பங்கு அரிசி பள்ளத்து லயத்துக்கு அளந்து விடப்பட்டது. சனிக்கிழமைதோறும் மயிலம்மாள் அதை ஒரு டின்னில் கொண்டுவருவாள். வாசப்படிக்கு வெளியே நின்று, "அக்கா, அரிசி" என்பாள். வைத்துவிட்டுத் திரும்பிவிடுவாள். பிள்ளை இருக்கிற பக்கம் தலையைத் திருப்பமாட்டாள். முதல் வாரம் செல்லம் அதைக் கதவைச் சாத்திக்கொண்டு அளந்து பார்த்தாள். மனுஷ புத்திதானே. தர வேண்டியதற்கு மேல் ஒரு பிடி கூட இருந்தது. வெட்கத்தில் அவளுக்கு முகம் சுட்டது. அப்புறம் அளக்கவே இல்லை. உலையில் அரிசியைப் போடும்போதெல்லாம் 'நல்லா இருடி' என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள். ஆள் எதிரே இருக்கும்போது அந்த வார்த்தை வராது.

வீரமுத்துவும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து லயத்துக்குப் பின்னால் அவளுடைய கிழங்குப் பாத்தியைக் கொத்திக் கொடுத்தான். கொத்துகிறவரை முதுகைத்தான் காட்டுவான். பஞ்சாலை கிட்டப் போய் நின்று, "இது யாரும்மா?" என்று கேட்கும். "கெழங்கு கொத்துற மாமா" என்பாள் செல்லம். அவனும் மறுத்ததில்லை.

எண்ணுகிற நாள் ஒரு புதன்கிழமை. முந்தின நாளே கிராணி ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார். விடிந்ததும் செல்லம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பள்ளத்து லயத்துக்கு இறங்கினாள். அந்த வீட்டு வாசலுக்கு அவள் போவது அதுதான் முதல் தடவை. மயிலம்மாள் கையை நீட்டவில்லை. பிள்ளையைப் பாயில் உட்கார வைக்கும்படி சைகை காட்டினாள். லாரி போனதும் தானே கொண்டுவந்து விடுகிறேன் என்றாள்.

"கெழங்கு தோலில்லாமக் குடு. இருட்டுல தனியா வுடாத" என்றாள் செல்லம். இருட்டுக்கு முன்னால் திரும்பி வருகிற பிள்ளைக்கு எதற்கு இதைச் சொன்னோம் என்று பாதி வழியில்தான் அவளுக்கே உறைத்தது.

அன்றைக்கு அவள் வெட்டிய கிழங்கில் பாதிக்கு மேல் மண்வெட்டி பட்டு இரண்டாகிவிட்டது. பத்து மணிக்கு மேல் லாரிச் சத்தம் கேட்டது. ஜப்பான்காரனின் அதட்டல் காற்றில் வந்தது. மத்தியானம் லாரி கியர் மாற்றி மேடேறிப் போனது, பின்னாலேயே ஒரு கூட்டம் அழுதுகொண்டு போனது. யார் யார் வீட்டுப் பிள்ளைகளோ. செல்லம் மண்வெட்டியில் தலையைச் சாய்த்து நின்று அவர்களுக்காகவும் அழுதாள்.

வேலை விட்டு வீட்டுக்கு வந்தபோது வீடு காலியாகக் கிடந்தது. பிள்ளை இல்லை. குளித்தாள். அடுப்பைப் பற்ற வைத்தாள். இன்னும் வரவில்லை. வாசலில் நின்று சரிவைப் பார்த்தாள். மூன்று மணி, மூன்றரை இருக்கும்.

அப்போது அவளுக்குப் பயம் வந்தது. கார்டுப்படி பிள்ளை அவர்களுடையது. துரும்பும் கிள்ளியாகிவிட்டது, அவள் அந்த வீட்டுக்கு யாருமில்லை. பஞ்சாயத்து வார்த்தை ஒன்றுதான் அவள் பக்கம், பஞ்சாயத்து வார்த்தையை எந்த ஜப்பான்காரன் கேட்கப் போகிறான்? கிராணிகூட ஒன்றும் செய்ய முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். எல்லாவற்றையும் விட, மயிலம்மாளே அன்றைக்கு வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டுச் சொன்னாளே, கையில் கிடைத்தால் குடுக்கமாட்டேன் என்று. தன்னை அறிந்தவள் சொன்ன வார்த்தை. அதைக் கேட்ட பிறகும் தூக்கிக்கொண்டு போய் அவள் பாயில் உட்கார வைத்துவிட்டு வந்த முட்டாள் இந்த உலகத்திலேயே தான் ஒருத்திதான் என்று தோன்றியது. அடுப்பை அப்படியே விட்டுவிட்டுச் சரிவில் ஓட ஆரம்பித்தாள்.

இரண்டு லயத்துக்கும் நடுவில் பெரிய சாக்கடை, அதன்மேல் பலகைப் பாலம். அங்கே எதிரே வந்துகொண்டிருந்தாள் மயிலம்மாள். தோளில் பஞ்சாலை கிடந்தது. குளிப்பாட்டி, எங்கேயிருந்தோ எண்ணெய் தேடிப் பிடித்துத் தலை வாரி, சிவப்புத் துணிக் கிழிசலால் இரட்டைப் பின்னல் கட்டியிருந்தாள். பிள்ளை வாயைத் திறந்துகொண்டு தூங்கியது.

மயிலம்மாளின் கண் இரண்டும் வீங்கியிருந்தது. செல்லத்தைக் கண்டதும் ஏறக்குறைய ஓடி வந்தாள்.

"அவரு பேரு விழலக்கா. கூப்புடல. புள்ளைய எண்ணிட்டுப் போயிட்டானுங்க" என்றாள். மூச்சிரைத்தது. "மத்தியானமே கெளம்பிட்டேன். பாதி வழி வந்துட்டு வந்துட்டுத் திரும்பிப் போயிட்டேன். மூணு தரம். எடுத்துக்கக்கா. சீக்கிரம் எடுத்துக்க."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் பிள்ளையின் முதுகில் கிடந்த கை விலகவில்லை, அது பாட்டுக்குத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தது.

செல்லம் இரண்டு கையையும் நீட்டியவள் அப்படியே நின்றாள். பிள்ளையின் கழுத்தில் எண்ணெய் மினுமினுத்தது. தான் பெற்றது இங்கே பத்திரமாக இருக்கிறது, இன்னொருத்தி தன்னோடு மூன்று தரம் சண்டை போட்டு ஜெயித்து அதைத் தூக்கி வந்திருக்கிறாள். இதைவிடப் பெரிய உபகாரம் இந்த ஜென்மத்தில் யாரும் தனக்குச் செய்யப் போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. எத்தனை வாரமாக மனசுக்குள்ளேயே சொன்ன வார்த்தை இப்போதுதான் வாய்க்கு வந்தது.

"நல்லா இருடி. நீ நல்லா இருக்கணும்" என்றாள். நீட்டிய கைகளை மடக்கி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "தூங்குற புள்ளையக் கை மாத்துனா முழிச்சிக்கிட்டு அழும். அதுவா முழிக்கிற வரைக்கும் நீயே வச்சிரு."

மயிலம்மாள் கண்ணைத் திறந்து பார்த்தாள். செல்லம் பலகையில் உட்கார்ந்து, பக்கத்தில் அவளுக்கும் இடம் விட்டாள்.

பஞ்சாலை எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று. இரண்டு பேரில் யாரும் எழுப்பவில்லை.